ஜீப் திரும்புற வரைக்கும் புள்ளைகளுக்கு ஒரு எடம்: கம்பம் மாலை நேர சென்டர் பத்தி என் ரிவ்யூ

கம்பமெட்டு ரோட்டுப் பக்கம் குடியிருக்கவங்க நெறைய பேரு என்கிட்ட கேக்குறீங்க, அந்த மாலை நேர சென்டர் எப்படி, புள்ளையச் சேக்கலாமா, குடுக்குற காசுக்குத் தகுமான்னு. ஆளாளுக்குத் தனியா சொல்லிட்டு இருக்கிறதுக்கு இங்கயே எழுதிடுறேன். என் மூத்தவ ரெண்டு வருசமா போறா, இப்ப ஆறாவது. சின்னவன் ரெண்டாவது, போன ஜூன்ல இருந்து போறான். அதனால ஒரு நாள் ரெண்டு நாள் பாத்துட்டு எழுதுறது இல்ல இது.

மொதல்ல என் நெலமையச் சொல்லிடுறேன், ஏன்னா இந்த சென்டரோட அரும எங்கள மாதிரி மல ஏறி வேலைக்குப் போறவங்களுக்குத்தான் தெரியும். கேரளாவுல வண்டன்மேடு பக்கம் ஏலக்காத் தோட்டத்துல எனக்கு வேல. வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சு சோத்த ஆக்கி தூக்குவாளில போட்டுக்கிட்டு ஆறு மணி ஜீப்ப பிடிச்சாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும், திரும்பி கம்பம் வந்து எறங்க சாயந்திரம் ஆறரை ஆயிரும், மெட்டுல மழையும் மூடுபனியுமா இருந்துச்சுன்னா ஏழே கால் கூட ஆகும். பள்ளிக்கூடம் நாலே காலுக்கு விட்டுருது. அப்ப நாலே காலுல இருந்து ஏழு மணி வரைக்கும் புள்ளைக எங்க இருக்கும், யாரு பாப்பா, என்னத்த திங்கும்? தோட்டத்துக்குள்ள டவரும் கெடைக்காது, போன் போட்டுக் கேக்கவும் முடியாது. நாலு மணி ஆச்சுன்னா எங்க ஜீப்புல வர்ற அத்தன பொம்பளைகளுக்கும் கை பாட்டுக்கு காய் எடுக்கும், மனசு மட்டும் கம்பத்துல கெடக்கும்.

1951-ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துல, 50 பொம்பளைகளோ அதுக்கு மேலயோ வேல பாக்குற தோட்டத்துல ஆறு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகளப் பாத்துக்க ஒரு காப்பகம் இருக்கணும்னு எழுதி வச்சிருந்தாங்க. நல்ல விசயந்தான். ஆனா ஆறு வயசு தாண்டி பள்ளிக்கூடம் போயிட்டா அந்தப் புள்ள யாரு கணக்குலயும் வராது, அதுலயும் எங்க மாதிரி புள்ளைகள இந்தப் பக்கம் தமிழ்நாட்டுல விட்டுட்டு அந்தப் பக்கம் கேரளாவுல வேல பாக்குறவங்களுக்கு ரெண்டு பக்கமும் இல்ல. கூட வேல பாக்குற சேச்சிக சொல்வாங்க, அவங்க ஊர்ல குடும்பஸ்ரீன்னு பொம்பளைகளுக்கான அரசு சுய உதவிக் குழுத் திட்டம் 1998-ல இருந்து இருக்கு, அதுல புள்ளைகளுக்குன்னே பாலசபை தனியா இருக்குன்னு. கேக்கையில ஏக்கமா இருக்கும்.

சரி, சென்டருக்கு வர்றேன். நடத்துற அக்கா இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல தன்னார்வலரா இருந்தவங்க. 2021 அக்டோபர் 27 மரக்காணம் பக்கம் முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்சாரே, கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்து புள்ளைக எல்லாம் மறந்துபோச்சுன்னு, சாயந்திரம் அஞ்சு மணியில இருந்து ஏழு மணிக்குள்ள ஒன்றரை மணி நேரம் தெருவுலயே பாடம் எடுத்தாங்களே, அதுதான். மாசம் 1000 ரூபா குடுத்தாங்க அந்தத் தன்னார்வலர்களுக்கு. பி.எட் படிக்கிற எங்க நாத்தனார் மக சொன்னா, கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங்னு ஆராய்ச்சியாளருங்க தமிழ்நாட்டு கிராமத்துல 19,000 புள்ளைகள வரைக்கும் பாத்து எழுதியிருக்காங்களாம், பள்ளிக்கூடம் தொறந்து ஆறு மாசத்துலயே விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துருச்சு, அப்படி வந்ததுல ஏறக்குறைய 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்பாலன்னு. எனக்கு அதக் கேட்டு ஆச்சரியமே இல்ல. தெருத் திண்ணையில உக்காந்து படிச்ச என் மகளையே நான் பாத்தேனே. அந்த அனுபவத்துல இருந்துதான் அக்கா அப்புறம் சொந்தமா ரெண்டு ரூம் வீட்ட வாடகைக்கு எடுத்து, பின்னாடி தகரக் கொட்டகை போட்டு இத ஆரம்பிச்சாங்க. பீஸ் மாசம் 350, அதே வீட்டுல ரெண்டாவது புள்ளைக்கு 200. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், காய் எடுப்பு மும்முரமா இருக்கிற மாசங்கள்ல சனிக்கிழமையும் உண்டு.

உள்ள போனதும் மொத வேல கை கால் கழுவுறது, அடுத்து தீனி. இதத்தான் நான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சேன். காலையில அரசுப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் சாப்பாடு குடுக்குறாங்க, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், மத்தியானம் சத்துணவு இருக்கு. சாயந்திரம் புள்ள பசியோட பூட்டுன வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கும், இல்லன்னா பத்து ரூபா பாக்கெட்ட வாங்கித் தின்னுட்டு ராத்திரி சோறு வேணாம்னும். இங்க ஒரு நாளு சுண்டல், ஒரு நாளு அவிச்ச கடல, ஒரு நாளு கேப்ப புட்டு, திராட்ச சீசன்ல பக்கத்துத் தோட்டக்காரரு பன்னீர் திராட்ச ஒரு கூட குடுத்து விடுவாரு. தின்னுட்டு அரை மணி நேரம் வெளையாட்டு. அஞ்சரைக்கு மேலதான் புத்தகத்தத் தொடணும். சில பேருக்கு இது பிடிக்காது, காசு குடுத்து வெளையாட விடுறதான்னு எங்க மாமியாரே மொதல்ல கேட்டாங்க. காலையில ஒம்போது மணியில இருந்து பெஞ்சுல உக்காந்த புள்ளைய நாலே காலுக்கு மறுபடி உக்கார வச்சா அதுக்கு என்ன ஏறும் சொல்லுங்க.

பாடம் எடுக்குற விதத்துக்கு ரெண்டு சொல்றேன், ரெண்டும் ஜீப்பு சீக்கிரம் வந்த நாள்ல வாசப்படியில நின்னு நானே கண்ணால பாத்தது.

போர்டோட மேல் மூலையில தெனமும் பெரியாறு அணையோட நீர்மட்டம் எழுதியிருக்கும், பேப்பர பாத்து ஒரு புள்ள எழுதணும், மொற போட்டு. அன்னிக்கு 128.40 அடி. 142 வரைக்கும் தேக்கிக்கலாம்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும், அப்ப இன்னும் எத்தன அடி வேணும்? இதான் கணக்கு. என் மக 142-ல இருக்க 2-ஐ கொண்டுபோய் புள்ளிக்கு அங்கிட்டு இருக்க சைபருக்கு நேரா எழுதிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிறா. அக்கா தப்புன்னு சொல்லல, கலர் சாக்பீஸ எடுத்து புள்ளி வழியா மேல இருந்து கீழ ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் முழு அடி, அந்தப் பக்கம் அடியில துண்டு, இப்ப 142-க்கு துண்டு எத்தனன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்ல சைபர் சைபர்னு சொல்லி அவளே 142.00-ன்னு எழுதி 13.60 கொண்டு வந்துட்டா. ராத்திரி வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட, இன்னும் 13.60 அடிதான் தாத்தான்னு சொல்றா. எங்க மாமனாரு ரெண்டு போகம் நெல்லு போடுறவரு, அவருக்கு இதவிட முக்கியமான சேதி என்ன இருக்கு, அன்னில இருந்து தெனமும் அவளத்தான் கேக்குறாரு. தசமம் என் மகளுக்கு இனி சாகுற வரைக்கும் மறக்காது.

இன்னொண்ணு ஒரு பையன். அந்தப் பக்கம் தோட்டத்து லயத்துலயே, அதான் தொழிலாளிக குடியிருக்கிற வரிசை வீட்டுலயே, பொறந்து வளந்து மூணாவது வரைக்கும் மலையாளத்துல படிச்சவன், அப்பாவுக்கு ஒடம்பு முடியாமப் போய் குடும்பம் கம்பத்துக்கு வந்துருச்சு. தமிழ் பேசுவான், எழுத்துத்தான் தெரியாது. பள்ளிக்கூடத்துல அவன கடைசி பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்கன்னு அவங்க அம்மா ஜீப்புல அழுகும். இங்க சேந்து எழுத்தக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சதும், போர்டுல மழைன்னு எழுதுனா மழன்னு வாசிப்பான், தலைன்னா தல, இலைன்னா இல. மத்த புள்ளைக சிரிக்கும். அக்கா சிரிக்க விடல. நாம பேசையில தல வலிக்குதுன்னு சொல்றோமா, தலை வலிக்குதுன்னு சொல்றோமான்னு எல்லாரையும் கேட்டாங்க. தலதான்னு மொத்தக் கூட்டமும் சொல்லுச்சு. அப்ப இவன் தப்பா சொல்லல, மலையாளத்துல பேசுற மாதிரியே எழுதுறாங்க, நாம எழுதையில கடைசியில ஐ போடுறோம், அம்புட்டுத்தான்னு சொல்லி ரெண்டு வரிசையா எழுதுனாங்க, தல தலை, மல மலை, மழ மழை, இல இலை. அந்தப் பய மொகத்த பாக்கணும் நீங்க. அஞ்சாவதா தானாவே எந்திரிச்சு வந்து வல வலைன்னு எழுதுனான். ரெண்டு பாஷை தெரிஞ்சவன்னு ஆகிட்டான் இப்ப, மலையாள எண்ண மத்த புள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக் குடுக்குறான்.

இதுக்கு முன்னாடி மூத்தவள ஒரு டியூசன்ல போட்டிருந்தேன், பேரு வேணாம். மாசம் 600. வீட்டுப்பாடத்த பாத்து எழுத வைப்பாங்க, ஆறு மணி அடிச்சா கேட்டப் பூட்டிருவாங்க, புள்ள ரோட்டு ஓரத்துல ஜீப்ப பாத்து நிக்கும். பரிட்சையில மார்க் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த முக்கா மணி நேரம் இருட்டுல நின்னத நெனச்சா இப்பவும் எனக்கு ஈரக்கொல நடுங்குது. இந்த சென்டர்ல கடைசிப் புள்ளைய கூப்பிட ஆள் வர்ற வரைக்கும் ஒரு அக்கா இருப்பாங்க. கம்பமெட்டுல மரம் விழுந்து ஜீப்பெல்லாம் நின்ன அன்னிக்கு எட்டரைக்குத்தான் வந்து சேந்தோம், பதினோரு புள்ளைக உப்புமா சாப்ட்டு பாயில படுத்திருந்துச்சுக. அதுக்கு ஒரு பைசா கூட கேக்கல.

குறையும் சொல்லணும். நாப்பது புள்ளைக்கு ஒரே ஒரு கக்கூஸ், பெரிய பொம்பளப் புள்ளைக ரொம்ப சங்கடப்படுதுக, இத அக்காகிட்ட நேராவே சொல்லியிருக்கேன், வீட்டுக்காரரு எடம் குடுக்க மாட்டேங்குறாருன்னு சொல்றாங்க. கரண்ட் போனா இன்வெர்ட்டர் இல்ல, எமர்ஜென்சி லைட்ட வச்சு ஓட்டுறாங்க. தகரக் கொட்டகையில சித்திர வெயிலு தாங்காது, மழ பேஞ்சா சொல்லித்தர்றது காதுல விழாது. எட்டாவதுக்கு மேல கணக்கு எடுக்க ஆள் இல்ல, அதனால ஒம்பதாவது பத்தாவது புள்ளைக்கு இது பத்தாது. நான் சேத்த மொத மாசம் ஒரு தப்பு நடந்துச்சு, பக்கத்து வீட்டுப் பையன் வந்து கூப்பிட்டான்னு என் மகள என்கிட்ட சொல்லாம அனுப்பிட்டாங்க, நான் வந்து பாத்தா புள்ளைய காணோம், பத்து நிமிசம் எனக்கு உசுரு எனக்கில்ல. சண்டையே போட்டேன். அக்கா மறுத்துப் பேசல, மன்னிப்பு கேட்டாங்க, மறுநாளே ஒரு நோட்டு போட்டாங்க. யாரு யாரு கூப்பிட வரலாம்னு நாம எழுதிக் குடுத்த மூணு பேரத் தவிர வேற யாரு வந்தாலும் அனுப்ப மாட்டாங்க, கையெழுத்து போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். எங்க வீட்டுக்காரரே ஒருக்கா கையெழுத்து போட மறந்துட்டு நடந்தாரு, ஒரு புள்ள ஓடி வந்து மறிச்சிருச்சு.

தெருவுக்கு என்ன லாபம்னு கேட்டா, கண்ணுக்குத் தெரியுற மாதிரியே இருக்கு. சின்னப் புள்ள வச்சிருந்தவங்க முன்னாடி தோட்டத்துக்கு வர முடியாம, பக்கத்துல களை எடுக்க, நாத்து நட அரை நாள் வேலைக்குத்தான் போவாங்க, இப்ப எங்க தெருவுல இருந்து மட்டும் ஆறு பேரு முழு நாள் வேலைக்கு வர்றாங்க, அவங்க கையில காசு பொழங்குது. மூத்த பொம்பளப் புள்ளைகதான் எனக்குப் பெரிய விசயம். தம்பி தங்கச்சியப் பாத்துக்கணும்னு மொதல்ல ட்ரில் பீரியட விட்டு வரும், அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ விடும், அப்புறம் பள்ளிக்கூடத்தையே விட்டுரும், நான் அப்படித்தான் எட்டாவதோட நின்னேன், எனக்குக் கீழ மூணு பேரு. என் மக தம்பிய கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து சென்டர்ல விட்டுட்டு அவ பாட்டுக்கு அவ செட்டோட கோகோ வெளையாடுறா. அவளுக்கு பதினோரு வயசு, அவ வெளையாடணும். முன்னாடி சாயந்திரமானா வாய்க்காப் பக்கம் போய் குதிச்சுக்கிட்டு இருந்த பயலுக பாதிப் பேரு இப்ப கொட்டகையில கேரம் போர்டு முன்னாடிதான். எதுத்த வீட்டு அப்பத்தாவுக்கு ரேஷன் கடையில இருந்து வர்ற மெசேஜ படிச்சுச் சொல்றது, பேத்திக்குப் பேசணும்னா போன் போட்டுக் குடுக்குறது எல்லாம் இந்தப் புள்ளைகதான், பதிலுக்கு அப்பத்தா வெள்ளிக்கிழமை வந்து கத சொல்லும்.

அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன், அந்த அரை கக்கூஸுக்கும் கரண்டுக்கும். இன்வெர்ட்டருக்கு நாங்க ஜீப்புக்காரங்க ஆளுக்கு நூறு ரூபா போட்டுச் சேத்துக்கிட்டு இருக்கோம், சேர நெனைக்கிறவங்க சேரலாம்.

ஜூன்ல சேக்கணும்னா மே மாசம் பாதியிலயே போய் சொல்லி வச்சிருங்க, நாப்பதுக்கு மேல ஒரு புள்ள கூட எடுக்க மாட்டாங்க, கெஞ்சுனாலும் நடக்காது. போகையில புள்ளைக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு, அப்புறம் நோட்டுல எழுதுறதுக்கு மூணு பேரோட பேரும் நம்பரும். ஜீப்பு டிரைவர் நம்பரையும் சேத்துக் குடுங்க. மெட்டுக்கு மேல டவர் கெடைக்கிற எடம் அவருக்குத்தான் தெரியும்.