மெலிய வைக்கிறோம் என்று மாடிக்கு அழைத்தால்: பினாங்குக்காரர்கள் கவனத்துக்கு

தீபாவளி நெருங்கினால் போதும், பலகார விளம்பரத்துக்குப் போட்டியாக உடல் மெலியும் விளம்பரமும் கைப்பேசியில் வந்து விழும். 'ஊசி இல்லை, உடற்பயிற்சி இல்லை, சோற்றை விட வேண்டாம்' என்று தமிழிலேயே பேசி, முதல் முறைக்கு 38 வெள்ளிதான் (ரிங்கிட்) என்பார்கள். ஜெலுத்தோங் பக்கம் கடைவீட்டு மாடியில் இருக்கும் அப்படி ஒரு நிலையம் என்னிடம் 3,800 வெள்ளியைக் கறந்துவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன், வேறு பெயர்ப்பலகையில் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். ஜீன்ஸ், இடுப்புப்பட்டை, பையில் கைப்பேசி எல்லாவற்றோடும் எடை இயந்திரத்தில் ஏற்றினார்கள். அடுத்த தடவையிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். அவர்கள் கொடுக்கும் மெல்லிய அங்கியில்தான் எடை பார்ப்பார்களாம். ஒன்றுமே செய்யாமல் எடை குறையாமல் என்ன செய்யும்?

இடுப்பளவும் அதே கதைதான். வெப்பப் போர்வை சுற்றுவதற்கு முன் நாடா தொப்புளுக்குக் கீழே தொளதொளவென்று கிடந்தது. வேர்த்து விறுவிறுத்து எழுந்த பிறகு அதே நாடாவை இரண்டு விரல் மேலே ஏற்றி, சதை பிதுங்க இழுத்துப் பிடித்தாள் அங்கே வேலை செய்யும் பெண். "பாருங்கக்கா, மூணு சென்டிமீட்டர் போயிருச்சு!" என்று கைதட்டல் வேறு. போனது வேர்வைத் தண்ணீர். வீட்டுக்குப் போய் இரண்டு குவளை குடித்தால் திரும்ப வந்துவிடும். கொழுப்பு வேர்வையாக வெளியே வராது.

இதெல்லாம் பணம் போன விஷயம், அதைக்கூட விட்டுவிடலாம். என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது அவர்களுடைய படிவம். பெயர், அடையாள அட்டை எண், வேலை, கிரெடிட் கார்டு விவரம் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. 'எனக்கு எந்த நோயும் இல்லை' என்ற கட்டத்தில் மட்டும் என் கைக்கு வருவதற்கு முன்பே சரி போட்டு வைத்திருந்தார்கள். நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவள். அதைச் சொன்னதற்கு, "பரவாயில்லக்கா, எங்களோடது எல்லாம் இயற்கை" என்று பதில் வந்தது. கையோடு காபிப் பொட்டலங்களும் வந்தன.

அந்தக் காபியைக் குடித்தால் பசி சுத்தமாக இல்லை. வாய் வறண்டது. ராத்திரி படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. நிலையத்தில் கேட்டதற்கு 'நச்சு வெளியேறுகிறது' என்றார்கள். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். ஒரு வெள்ளி கட்டணம். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர். காபியைக் காட்டினேன். உடனே நிறுத்தச் சொன்னார்.

மெலியும் காபிகளில் சிபுட்ராமின் என்ற மருந்தைக் கலந்து விற்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். பசியை அடக்கும் மருந்து அது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்த பிறகு 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. என் பொட்டலம் இப்போது சுகாதார அமைச்சின் மருந்து அமலாக்கப் பிரிவிடம் இருக்கிறது. இங்கே பதிவு செய்த மருந்துகளில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். காபி என்று விற்றால் உணவு என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். ஆக, உடல் இளைக்கும் என்று சொல்லி எதையாவது நீட்டி, அதில் அந்த எண்ணும் இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள்.

கிளினிக்கில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடைக்காக டாக்டரைப் பார்ப்பது வீண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, குறட்டை உண்டா, வீட்டில் யாருக்குச் சர்க்கரை, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். தைராய்டு, கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும், சில மருந்துகளாலும் ஏறும். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவுதான் 6.1 சதவீதம். நீரிழிவுக்கு முந்தைய கட்டம். ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் இலக்கு, இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது. அதுவே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது செய்யுமாம்.

உணவியல் அதிகாரி ஒரு தட்டைக் காட்டினார்: பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ. எனக்குக் கஷ்டமாக இருந்தது தே தாரிக்கை, அதாவது இனிப்பான பால் தேநீரை விடுவதுதான். இப்போது பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் பழகிவிட்டது, வாழைக்காய் பஜ்ஜியைத்தான் இன்னும் விட முடியவில்லை. ஆர்வக்கோளாறில் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறட்டுமா என்று கேட்டேன். முதலில் ரத்த அழுத்தம் இறங்கட்டும், அதுவரை சமதரையில் நடங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் வந்தால் போதும் என்றார்கள். எடை குறைக்க ஊசி மருந்துகளும் இருக்கின்றன, ஆனால் யாருக்குத் தேவை என்பதை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாட்சப்பில் வாங்கும் சரக்கு இல்லை அது.

பணம் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'திருப்பித் தர மாட்டோம்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று மிரட்டுவார்கள், மிரளாதீர்கள். தொடர்ந்து தரும் சேவைக்கான ஒப்பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு இடம் தருகிறது. மொத்தத் தொகையில் 5 சதவீதமும், பயன்படுத்திய பொருள், சேவைகளுக்கான தொகையும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். மீதியைத் தரவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். நான் போட்டுவிட்டேன். ரசீதையும் வாட்சப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள், அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அதைக் கொடுக்கத்தான் ரொம்ப இழுத்தடித்தார்கள்.