தேரைக்கு வீடு: கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா?

நண்பர் வீட்டுப் பையன் கல்லூரி விடுதிக்குப் போனபோது அவன் வளர்த்த தேரை எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒஹையோவில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் அமெரிக்கத் தேரைதான். உள்ளங்கையில் அடங்கும், உடம்பெல்லாம் மரு. ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "தேரை விழுந்த தேங்காய்ல பருப்பே இருக்காதும்பாங்க, நீ தேரையவே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்றார். அவர் கவலை அது. என் கவலை, ஷூ டப்பாவில் உட்கார்ந்திருந்த விருந்தாளியை எதில் குடிவைப்பது என்பது.

வழி மூன்று: வலைமூடி போட்ட கண்ணாடி மீன்தொட்டி, முன்பக்கம் கதவு வைத்த கண்ணாடிப் பெட்டியான டெர்ரேரியம், துணிமணி போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பெட்டி. தோட்டத்தில் வலைக்கூண்டு கட்டுவது நாலாவது. ரக்கூன்கள் திரியும் ஊரில், தேரை மண் உறையும் ஆழத்துக்கும் கீழே தோண்டிப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில், அந்த யோசனையை நான் அன்றே விட்டுவிட்டேன்.

முதலில் அளவு. கடையில் கேலன் கணக்கில் பேசுவார்கள். தேரைக்குக் கேலன் தெரியாது, தரைதான் தெரியும். 20 கேலன் தொட்டியிலேயே இரண்டு வகை உண்டு. உயரமானது 24-க்கு 12 அங்குலம், 16 அங்குல உயரம். நீளமானது 30-க்கு 12, உயரமும் 12. பிடிக்கும் தண்ணீர் ஒன்றுதான், ஆனால் தரைப்பரப்பு முதலாவதில் 288 சதுர அங்குலம், இரண்டாவதில் 360. தேரை மரத்தவளை மாதிரி சுவர் ஏறாது. கூடுதல் நாலு அங்குல உயரம் அதற்கு வெறும் காற்று. பரவலாக விற்கும் 18 அங்குல டெர்ரேரியம் 324 சதுர அங்குலம் தரும். மோசமில்லை, ஆனால் அதுவும் செடி படரவும் மரத்தவளை ஏறவும் செய்தது. பிளாஸ்டிக் பெட்டியோ இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். டெர்ரேரியம் நூறைத் தாண்டும். காசுக்கு எவ்வளவு தரை என்று பார்த்தால் போட்டியே இல்லை.

அப்புறம் மூக்கு. கண்ணாடி என்று ஒன்று இருப்பது தேரைக்குப் புரியாது. ராத்திரி வெளியே வந்ததும் அந்தப் பக்கம் தெரியும் நாற்காலிக் காலை நோக்கிப் போகும், இடிக்கும், திரும்பவும் இடிக்கும். இப்படியே விட்டால் மூக்கு நுனி சிவந்து புண்ணாகிவிடும். ஊடே தெரியாத பிளாஸ்டிக் பெட்டியில் இந்தத் தொல்லை குறைவு. கண்ணாடிதான் வேண்டுமென்றால் மூன்று பக்கம் முழுக்கவும், முன்பக்கத்தில் மண்ணுக்கு மேல் நாலு அங்குலத்துக்கும் பழுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். "அப்ப எதுக்குப்பா கண்ணாடி?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி, பிறகு வருகிறேன்.

ஈரத்தில்தான் நான் அடிபட்டேன். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மண் காயவும் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் இரண்டே நாளில் மேல்மண் பொடிப்பொடியாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டி நேர் எதிர். மூடியில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டால் போதும் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் மண்மேல் வெள்ளைப் பூஞ்சை, திறந்தால் மூத்திர வாடை. அந்த அழுக்கையும் தேரை தோலால்தானே உறிஞ்சும்? மூடியின் நடுப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, மூக்கு உரசினாலும் வலிக்காதே என்று மெல்லிய ஃபைபர் கொசுவலையைப் பசைத் துப்பாக்கியால் ஒட்டினேன். தீனிக்குப் போட்ட சுவர்க்கோழிகள் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டன. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கிரீச் கிரீச். மறுநாள் அலுமினிய வலை வாங்கினேன். மூடி தேரைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் மூக்கு அதில் உரசாது.

இந்த ஒரு விஷயத்தில் டெர்ரேரியம் ஜெயிக்கிறது. கதவுக்குக் கீழே ஒரு காற்றுப்பட்டை, மேலே வலை. கீழே புகுந்த காற்று மேலே வெளியேறும், நாம் ஒன்றும் அறுக்க வேண்டாம். ஆனால் கதவு விளிம்பு வரைக்கும்தான் மண் போடலாம், அது மூன்றங்குலம் தேறினாலே அதிகம். தேரைக்கு நாலங்குலமாவது வேண்டும்.

மண்ணுக்கு மூன்றிலும் தேங்காய் நார்த்தூள்தான் போடுவேன். நான் வாங்கிய 650 கிராம் கட்டியில் இந்தியத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தூள் மலைமலையாகக் குவிந்து கிடப்பது ஞாபகம் வரும். தண்ணீரில் ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்குப் பொங்கும். உப்பு தங்கியிருக்கலாம், அதனால் இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். கூழாங்கல் வேண்டாம், பூச்சியோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடலில் அடைக்கும். தேரை பின்னங்கால் இரண்டாலும் மண்ணைத் தள்ளித் தள்ளி, கூட்டமான பஸ்ஸில் இடம் பிடிப்பவர் மாதிரி இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர்க் கிண்ணம் அதன் தாடை நனையும் ஆழத்துக்கு மேல் வேண்டாம். அதிலேயே கழியும், ஆகவே தினமும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும், சில ஊர்களில் அதற்குப் பதிலாகக் கலக்கும் குளோரமின் போகாது. மீன்தொட்டிக்கு விற்கும் நீர்ச்சுத்தி மருந்து சில சொட்டு விட்டே ஊற்றுகிறேன்.

சரி, மகளின் கேள்வி. பிளாஸ்டிக் பெட்டியை மேலிருந்துதான் எட்டிப் பார்க்க முடியும். மேலே நிழல் விழுந்தால் தேரைக்கு அது பருந்தோ காக்கையோ, அசையாமல் உறைந்துவிடும். பக்கவாட்டில் கண்ணாடி வழியே பார்க்கும்போதுதான் அது சுவர்க்கோழியைக் குறிவைத்து விரல் நுனி துடிக்க நிற்பதும், விழுங்கும்போது கண்கள் இரண்டும் உள்ளே அமிழ்வதும் தெரியும். தேரையின் பக்கம் நின்றால் பிளாஸ்டிக் பெட்டி, நம் பக்கம் நின்றால் கண்ணாடி. வந்து சேர்ந்த முதல் சில மாதம் பெட்டியிலேயே வைத்து, நன்றாகத் தின்னப் பழகியபின் நீளமான 20 கேலன் தொட்டிக்கு மாற்றினேன். வலைமூடியில் பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடியதில் மண் நாலைந்து நாள் ஈரம் தாங்குகிறது. டெர்ரேரியம் அழகுதான், அந்தப் பணத்துக்கு ஒன்றரை வருஷத் தீனி வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் அம்மாவே "எங்க, அதக் காட்டு" என்றார். தாளுக்கு மேலே தெரியும் கண்ணாடியில் கேமராவை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். மண்ணுக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரிந்தது.