பெரிய மோல்டுக்கு எந்த ஸ்பார்க் மெஷின்? ஓசூர் டூல் ரூம்களுக்கு ஒரு கணக்கு

ஓசூர், சூளகிரி பக்கம் டூல் ரூம் (மோல்டு, டை செய்யும் பட்டறை) வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. ஸ்கூட்டர் பேனல் மோல்டு வருஷா வருஷம் பெரிதாகிறது, மோட்டார் ஹவுசிங், பேட்டரி பெட்டி என்று அலுமினிய டை வேலையும் வருகிறது, இருக்கிற ஸ்பார்க் மெஷின் (இடிஎம், ஆயிலுக்குள் எலக்ட்ரோடிலிருந்து மின்பொறி விட்டு ஸ்டீலை எரித்தெடுப்பது) டேங்கில் பிளாக் இறங்க மாட்டேன் என்கிறது, பெரிதாக ஒன்று போட்டுவிடலாமா? போடலாம். புனேயில் செய்யும் நம்மூர் இசட்என்சி (மேல்கீழ் அசைவு மட்டும் தானாக ஓடுவது), தைவான் சிஎன்சி, புது ஜப்பான் அல்லது சுவிஸ் மெஷின், ஜப்பானில் ஓடி முடித்த பழைய மெஷின் என்று நான்கு வழி இருக்கிறது. ஒன்றும் வாங்காமல் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் பொம்மசந்திராவுக்கோ ஜிகணிக்கோ ஜாப் ஒர்க் அனுப்புவது ஐந்தாவது வழி.

இதில் பலரும் முதலில் பார்ப்பது ஆம்பியர். கேட்லாக்கில் கொட்டை எழுத்தில் 100, 120 என்று இருந்தால் பெரிய மோல்டுக்கு இதுதான் சரி என்று தோன்றிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காப்பருக்கும் கிராஃபைட்டுக்கும் பொதுவாகச் சொல்லும் மேல்வரம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 ஆம்பியர். 1 மி.மீ. தடிமனும் 60 மி.மீ. நீளமும் உள்ள ரிப் (பாகத்தின் பலத்துக்கு வைக்கும் மெல்லிய விலா) எலக்ட்ரோடின் முகப்பு 0.6 சதுர செ.மீ.தான், அதற்கு 6 ஆம்பியருக்கு மேல் கொடுத்தால் முனை கரையும், ஆர்க் அடிக்கும். அந்த ரிப் 300 கிலோ இன்சர்ட்டில் இருந்தாலும் 7 டன் பிளாக்கில் இருந்தாலும் அதே 6 ஆம்பியர்தான். பெரிய பாக்கெட்டையெல்லாம் இப்போது விஎம்சி மில்லிங் மெஷினிலேயே எடுத்துவிடுகிறோம், ஸ்பார்க்குக்கு மிஞ்சுவது ஆழ ரிப், கூர் மூலை, டெக்ஸ்ச்சர் இவைதான். ஆக பிளாக் பெரிது, எரிக்கும் இடம் சின்னது. முழு கேவிட்டியையும் ஒரே எலக்ட்ரோடில் எரிக்கும் டை கடைக்கு வேண்டுமானால் பெரிய ஜெனரேட்டர் தேவைப்படும். மோல்டு கடைக்கு அந்தக் காசு வீண்.

அப்போது நேரத்தை எது தின்கிறது? ஜம்ப். ரிப் 30, 40 மி.மீ. ஆழம் போனபின் பக்கத்தில் பைப் வைத்து எவ்வளவு ஆயில் அடித்தாலும் அடிவரை போகாது. ஹெட் வேகமாக மேலே ஏறி இறங்கும்போதுதான் உள்ளே இருக்கும் கரித்தூள் ஆயிலோடு வெளியே வரும். ஜப்பானின் சோடிக் கம்பெனி மேலும் கீழும் ஓடும் இசட் அச்சில் லீனியர் மோட்டார் போட்டு நிமிடத்துக்கு 36 மீட்டர் வரை ஜம்ப் என்று சொல்வது இதற்காகத்தான். மெலிந்த ரிப்பில் பலன் கண்கூடாகத் தெரியும், பைப்பைத் திருப்பிக்கொண்டு ஆள் நிற்க வேண்டியதில்லை. ஆனால் தொங்குகிற எலக்ட்ரோடின் எடை என்ன என்று கேட்காமல் அந்த வேகத்தை நம்பக்கூடாது. 300 × 200 × 150 மி.மீ. எலக்ட்ரோடு காப்பரில் 80 கிலோ, கிராஃபைட்டில் 16 கிலோ. 80 கிலோவைத் தொங்கவிட்டு யாரும் அந்த வேகத்தில் ஆட்ட முடியாது, எலக்ட்ரோடைச் சுழற்றும் சி அச்சில் திருப்பினாலும் நிற்க வேண்டிய கோணத்தில் நிற்காது. பெரிய மெஷின் வாங்குகிற கடை கிராஃபைட்டுக்கு மாறாமல் இருப்பது யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கிற கதைதான். கிராஃபைட் என்றால் தூசி உறிஞ்சும் வசதியோடு தனி மில்லிங் மெஷினும் வேண்டும், அது மறுக்க முடியாத செலவு. மெல்லிய ரிப்பில் காப்பர் பிசிறு விடும், வளையும், கிராஃபைட் இரண்டும் செய்யாது. கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டிய இடத்துக்கு மட்டும் காப்பரை வைத்துக்கொள்ளலாம்.

சரி, மெஷின்களுக்கு வருவோம்.

இசட்என்சியில் இசட் மட்டும்தான் சர்வோ. எக்ஸ், ஒய் இரண்டையும் கையால் சுற்றி டிஆர்ஓ (அளவு காட்டும் டிஸ்பிளே) பார்த்து நிறுத்த வேண்டும். விலை குறைவு, மெக்கானிக் சீக்கிரம் வருவார், போர்டு போனாலும் பக்கத்திலேயே சரி செய்ய ஆள் இருக்கிறது. ஒரே எலக்ட்ரோடை இறக்கி நாள் முழுக்க எரிக்கும் டை வேலைக்கு இதை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது, நாற்பது எலக்ட்ரோடு மாற்ற வேண்டிய பேனல் கோருக்கு (மோல்டின் உள்பக்கப் பாதி) ஆகாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சென்டர் பிடிக்க ஆள் வேண்டும், பெரிய பிளாக்கின் மேல் எட்டி எட்டி டயல் பார்க்கும் ஆள் மூன்றாவது ஷிஃப்டில் என்ன துல்லியம் தருவார்? மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டும் பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. பெரிய டேங்கில் தயவுசெய்து அது வேண்டாம், நல்ல இடிஎம் ஆயிலின் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பிடிக்கும் வெப்பம்) 100 டிகிரிக்கு மேல், மண்ணெண்ணெய் அதன் பக்கத்திலேயே வராது.

தைவான் மெஷின்களில் பெரிய சைஸ் என்றால் டேபிள் நகராது, இரட்டைத் தூணின் மேல் ஹெட் ஓடும். கனமான பிளாக்குக்கு அதுதான் சரி. 1500 × 1000 × 600 மி.மீ. ஸ்டீல் பிளாக் 7 டன், அதை டேபிளோடு நகர்த்தி மைக்ரானில் நிறுத்துவது வீண் பாடு. இரட்டை ஹெட்டும் கிடைக்கிறது. கார் பம்பர் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றரை மீட்டர் மோல்டுக்கு அது அருமை. ஆனால் ஓசூரில் நமக்கு வருவது பெரும்பாலும் ஸ்கூட்டர் பேனல், பிளாக் ஒரு மீட்டர், 3 டன் சுமார். அதில் இரண்டு ஹெட் ஒன்றையொன்று இடிக்காமல் புரோகிராம் செய்வதிலேயே நேரம் போகும். அந்தப் பணத்தில் சி அச்சும் எலக்ட்ரோடு மாற்றியும் வாங்குங்கள். இவை இரண்டும் கொட்டேஷனில் ஆப்ஷன் என்று தனியாக நிற்கும், சேர்த்து விலை கேட்டால்தான் உண்மை விலை தெரியும்.

ஜப்பான், சுவிஸ் மெஷின்களின் விலையைக் கேட்டதும் எழுந்து போகிறவர்கள் உண்டு. அந்த விலை எங்கே திரும்பி வருகிறது என்றால் ராத்திரியில். மாலை எலக்ட்ரோடுகளை அடுக்கிவிட்டுப் போனால் காலையில் எல்லா ரிப்பும் ஒரே ஆழம், ஒரே ஃபினிஷ். பரப்பு பெரிதானாலும் ஃபினிஷ் ஒரே சீராக வரும், ஜப்பான் கம்பெனி மாகினோவின் மெஷினில் ஆயிலில் நுண்தூள் கலந்து எரிக்கும் முறையே இருக்கிறது. ஸ்பார்க் ஃபினிஷுக்கான விடிஐ எண் 30 என்றால் ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு) 3.15 மைக்ரான், அதற்கு எந்த மெஷினும் போதும். விடிஐ 18, அதாவது ஆர்ஏ 0.8, பெரிய பரப்பில் சீராக வேண்டும் என்றால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

அலுமினிய டை போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பார்க் பட்ட இடத்தில் உருகி மறுபடி உறைந்த வெள்ளைப் படலம் ஒன்று நிற்கும். கடினமானது, எளிதில் உடையும், உள்ளே நுண் விரிசலும் இருக்கும். பிளாஸ்டிக் மோல்டில் பாலிஷர் தேய்த்துவிடுவார், பெரிய தொல்லை இல்லை. எச்-13 ஸ்டீலில் செய்த டையில் உருகிய அலுமினியம் ஷாட்டுக்கு ஷாட் அடிக்கும்போது அந்த விரிசல்தான் ஹீட் செக்காக, அதாவது வெப்ப வெடிப்பாக, வளரும். கடைசி பாஸ்களை மிகக் குறைந்த எனர்ஜியில் ஓட்டி, படலத்தை நீக்கி, முந்தைய டெம்பரிங் (கடினப்படுத்திய ஸ்டீலைச் சூடாக்கிப் பதப்படுத்துவது) வெப்பத்தை விட 25 டிகிரி குறைவில் ஒரு டெம்பர் கொடுத்தால் டை பிழைக்கும். ஆக டை கடைக்காரர் பெரிய ஆம்பியர் வாங்கினாலும் சின்ன ஆம்பியர் எப்படி ஓடுகிறது என்றுதான் சோதிக்க வேண்டும்.

பழைய ஜப்பான் மெஷின் ஆசை காட்டும். இரும்பு நன்றாகத்தான் இருக்கும், சிக்கல் கன்ட்ரோலில். பதினைந்து, இருபது வருஷத்துப் போர்டு போனால் மாற்று கிடைக்குமா என்று இங்கே சர்வீஸ் தருகிறவரிடம் முதலில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்க வேண்டாம். இறக்குமதிக்கு சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழ் வேறு வேண்டும். ஏற்கனவே அதே கம்பெனி மெஷின் ஓட்டத் தெரிந்த ஆள் கடையில் இருந்தால் மட்டும் யோசிப்பேன்.

ஜாப் ஒர்க்? மாதத்துக்கு ஒன்றிரண்டு பெரிய கோர் என்றால் அதுதான் லாபம். மாநிலம் தாண்டி ஜாப் ஒர்க் போவதால் மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் கட்டாயம், அது கிடக்கட்டும். வலி என்னவென்றால் ட்ரையல் எடுத்தபின் ஒரு ரிப்பை அரை மில்லி ஆழப்படுத்தச் சொல்வார் கஸ்டமர், 3 டன்னை மறுபடி லாரியில் ஏற்ற வேண்டும். அந்தத் திருத்தம் எத்தனை முறை வருகிறது என்பதை வைத்துத்தான் சொந்த மெஷின் தேவையா என்று முடிவெடுப்பேன்.

எந்த மெஷின் ஆனாலும் டேங்க் அளவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஹெட் முழுக்க மேலே போனபின் டேபிளுக்கும் சக்குக்கும் இடையே எவ்வளவு, அதில் பிளாக் உயரம், எலக்ட்ரோடு நீளம், ஹோல்டர் எல்லாம் கழித்தால் மிச்சம் என்ன? எரியும் இடத்துக்கு மேல் ஆயில் 40, 50 மி.மீ.யாவது நிற்க வேண்டும், உயரமான பிளாக்கில் டேங்க் சுவர் அதற்கு எட்டுமா? 2000 × 1300 × 700 மி.மீ. டேங்க் நிரம்ப 1800 லிட்டருக்கு மேல் ஆயில் போகும், முதல் நிரப்பலே ஒரு செலவு. ஷெட் உயரத்தில் கிரேன் கொக்கி பிளாக்கைத் தூக்கி டேங்க் விளிம்பைத் தாண்டுமா என்று டேப் பிடித்து அளங்கள். ஓசூர் குளிர்ந்த ஊர் என்று சில்லர் (ஆயிலைக் குளிர்விக்கும் கருவி) வாங்காமல் விடாதீர்கள். மதியத்துக்கும் விடியலுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கிறது, ஒரு மீட்டர் ஸ்டீல் 5 டிகிரியில் 50 மைக்ரானுக்கு மேல் நீளும். ஆளில்லாமல் ஓட்டுவதாக இருந்தால் தானியங்கி தீயணைப்பு இல்லாத மெஷினை உள்ளே விடவே கூடாது.

ஸ்கூட்டர் பேனல்தான் முக்கிய வேலை என்றால் நான் எடுப்பது டேபிள் நகராத தைவான் மெஷின், ஒரே ஹெட், சி அச்சு, எலக்ட்ரோடு மாற்றி, நடுத்தர ஜெனரேட்டர், பக்கத்தில் ஒரு கிராஃபைட் மில்லிங். அலுமினிய டை பாதிக்கு மேல் என்றால் கடன் வாங்கியாவது ஜப்பான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உங்கள் சொந்த ஜாபிலிருந்து 1 மி.மீ. தடிமன், 40 மி.மீ. ஆழ ரிப் ஒன்றை, டேபிளின் தூர மூலையில் பிளாக்கை வைத்து, பைப் ஃப்ளஷிங் இல்லாமல் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். முனைத் தேய்மானத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.