பழைய ஹீட்டர் பெட்டியை ஒட்டுவதா, புதிதாக மாட்டுவதா?

திருகோணமலையில் காருக்கு ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள், மார்கழி மழையில் முன்கண்ணாடியில் ஆவி படியும்போது தெரியும். ஃபோக்ஸ்வாகனின் பழைய கர்மன் கியா காரில் எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீரல்ல, காற்றுதான், அதனால் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சின் விசிறி தள்ளும் காற்று, சூடான புகைக்குழாயைச் சுற்றியுள்ள தகரப் பெட்டிக்குள் புகுந்து, கதவடிச் சட்டம் வழியாக உள்ளே வருகிறது.

பழைய பெட்டியை வெல்டிங் செய்தால் செலவு குறைவு, அசல் சாமானும் மிஞ்சும். ஆனால் எங்கள் உப்புக்காற்றில் வெளித்தகரம் மட்டுமா கறள் பிடிக்கும்? என்னுடையதைக் கழற்றி உள்குழாயை ஸ்க்ரூட்ரைவரால் ஒரு குத்துக் குத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்த ஓட்டையால் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு நேரே இருக்கைக்கு வரும், அதற்கு மணமே கிடையாது. வெளித்தகரம் மட்டும் போயிருந்தால் சரி, ஒட்டுங்கள். உள்குழாய் போயிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதியதுதான், இறக்குமதிச் செலவு கையைக் கடித்தாலும்.