சமிக்ஞைக்குத் தனி வழி தரும் ரூட்டர்: மைக்ரோடிக் ஹெக்ஸ்

இணையத் தொலைபேசி பயன்படுத்தும் சிறு அலுவலகங்களில் சேவைத் தரம் என்று பேச்செடுத்தாலே, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது. அழைப்பைத் தொடங்கவும், மணியடிக்கச் செய்யவும், முடித்து வைக்கவும் ஓடுகிற சமிக்ஞைச் செய்திகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. லாத்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் தயாரிக்கும் ஹெக்ஸ் ரூட்டரை, குறிப்பாக ஆர்பி750ஜிஆர்3 மாடலை, நான் இந்த ஒரு கோணத்திலிருந்துதான் மதிப்பிடுகிறேன்.

ஒரு குரல் பாக்கெட் (இணையத்தில் செல்லும் சிறு தரவுப் பொட்டலம்) பொதுவாக 20 மில்லி விநாடிப் பேச்சைத்தான் சுமக்கிறது. ஒன்று தொலைந்தால் காது பெரும்பாலும் அதை உணராது. ஆனால் யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று தானே உறுதி செய்யாத அனுப்புமுறை) வழியே செல்லும் எஸ்ஐபி (இணைய அழைப்புகளின் சமிக்ஞை நெறிமுறை) அழைப்புக் கோரிக்கை தொலைந்தால், தொலைபேசி அரை விநாடி காத்திருந்து மறுபடி அனுப்பும். அதுவும் தொலைந்தால் ஒரு விநாடி, பிறகு இரண்டு விநாடி என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போய், 32 விநாடிக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால் அழைப்பு கைவிடப்படும். குரலுக்கு மட்டும் முன்னுரிமை தந்த அலுவலகத்தில் யாரேனும் பெரிய கோப்பொன்றை இணையத்தில் ஏற்றும்போது, ஏற்கெனவே நடக்கும் உரையாடல்கள் தெளிவாக இருக்க, புதிய அழைப்பு மட்டும் போகாமல் திணறுவதற்கு இதுவே காரணம்.

ஹெக்ஸில் இதைச் சரியாகத் தீர்க்க முடிகிறது. சமிக்ஞைப் பாக்கெட்டுகளுக்குத் தனிக் குறியிட்டு, அவற்றுக்கெனத் தனி வரிசை அமைத்து, உறுதியான குறைந்தபட்ச வேகத்தையும் 1 முதல் 8 வரையிலான முன்னுரிமைகளில் முதலாவதையும் கொடுக்கலாம். சமிக்ஞையின் அளவு மிகச் சிறியது என்பதால், குரலுக்கு முன்னே அதை வைப்பதால் குரல் கெடாது. பாக்கெட் எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டத் தொலைபேசிகள் தாமாக இடும் எண்ணான டிஎஸ்சிபி குறியை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து: குரலுக்கு 46 என்பது ஏறக்குறைய பொது வழக்கு, சமிக்ஞைக்கோ சிலர் 24 இடுகிறார்கள், சிலர் 26, சேவைத் தர வழிகாட்டி ஆவணமான ஆர்எஃப்சி 4594 பரிந்துரைப்பதோ 40. தொலைபேசிச் சர்வரின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொண்டு அடையாளம் காண்பதே பாதுகாப்பானது. மொத்த வரிசையின் உச்ச வேகத்தை உண்மையான பதிவேற்ற வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைப்பதும் கட்டாயம். இல்லையென்றால் நெரிசல் மோடத்தில் உருவாகும், ரூட்டரின் முன்னுரிமைக்கு அங்கே வேலையில்லை.

பெரிய குறை, பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் வேகமாகக் கடத்தும் ஃபாஸ்ட்ட்ராக் விதி ஆரம்ப அமைப்பிலேயே இயங்குவதுதான். அதில் சேர்ந்த இணைப்புகளின் பாக்கெட்டுகள் குறியிடும் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவதால், பாடுபட்டு அமைத்த வரிசைகள் வெறுமனே நிற்கும். எஸ்ஐபி இணைப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்துப் பயனில்லை. இணைப்பை நிரப்புவது கோப்பேற்றம்தானே, அது வரிசைக்குள் வராமலே போய்விடும். ஃபாஸ்ட்ட்ராக்கை முழுவதும் நிறுத்தினால் சுமையெல்லாம் 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் செயலியின் மேல் விழுகிறது. நூறு மெகாபிட் அளவிலான இணைப்புக்கு அது போதும். ஒரு கிகாபிட் இணைப்பு வாங்கியவர்கள் இதைவிட வலுவான மாடலைப் பார்ப்பது நல்லது.

வைஃபை இதில் கிடையாது. ரூட்டரை அமைக்க உதவும் வின்பாக்ஸ் மென்பொருளின் திரையும் புதியவரை மிரட்டவே செய்யும். ஓரிரு தொலைபேசிகள் மட்டும் உள்ள இடத்துக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு தொலைபேசிகளும் கோப்பேற்றமும் ஒரே இணைப்பைப் பகிரும் அலுவலகத்தில், ரூட்டரை அமைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், இதைத் தயங்காமல் வாங்கலாம்.