கியூபாவின் டிரினிடாட்: ஒரே நாளில் பார்த்துவிட வராதீர்கள்

டொராண்டோவிலிருந்து வரடேரோ கடற்கரைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுதியிலேயே விற்கப்படும் சுற்றுலாக்களில் டிரினிடாட் ஒன்று. விடியற்காலை பஸ் ஏறி, சியென்ஃபுவேகோஸையோ சாண்டா கிளாராவையோ தொட்டுவிட்டு, பழைய ஊரில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்து, இரவில் அறைக்குத் திரும்புவது. அப்படிப்பட்ட பயணத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் கொடுத்தாலே தாராளம். ஊரில் குறையில்லை, போய்ச் சேரும் நேரம்தான் தப்பு. சுற்றுலா பஸ்கள் வந்து நிற்பது உச்சிவெயிலில், கல் பாவிய தெருவில் ஒதுங்க நிழல் இல்லாத பொழுதில். இந்த ஊர் பார்க்க நன்றாக இருப்பது காலை ஒன்பதரைக்கு முன்பும் மாலை நாலுக்குப் பிறகும். மூன்று இரவு ஊரிலேயே தங்கி, இங்கிருந்து பகல் பயணங்கள் போய் வாருங்கள். அப்போது ஐந்துக்கு நாலரை தாராளமாகத் தரலாம்.

முன்பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. பிரையன் லாரா பிறந்த டிரினிடாட் தீவு வேறு, இது கியூபாவின் தென்கரைக்குப் பக்கத்தில் 1514-இல் டியேகோ வெலாஸ்கேஸ் நிறுவிய ஊர். விமான டிக்கெட் விற்கும் இணையதளங்களில் டிரினிடாட் என்று தட்டினால் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குத்தான் டிக்கெட் காட்டும். நீங்கள் இறங்க வேண்டியது ஹவானாவில் அல்லது வரடேரோவில்.

ஹவானாவிலிருந்து சுமார் 315 கிலோமீட்டர். வியாசூல் என்ற அரசு பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் ஆகும். கொலெக்டிவோ என்கிற பங்கு டாக்சி அதைவிடச் சீக்கிரம் போகும், வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஏசி இருக்கும், பெல்ட் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பெட்டிக்கு இடமிருக்கிறதா, வழியில் வண்டி மாற்றுவார்களா என்ற இரண்டையும் பணம் கொடுக்குமுன் கேளுங்கள். வழியில் இன்னொரு காருக்கு மாற்றிவிட்டு, அந்த டிரைவர் மறுபடியும் கூலி கேட்பதுதான் வழக்கமான தகராறு. முழுத் தொகையையும் இறங்கும்போது கொடுப்பதாகப் பேசிக்கொண்டால் அந்தத் தகராறே வராது.

தங்க ஹோட்டலைவிட காசா பர்டிகுலார் எனப்படும் வீட்டு அறைதான் சரி. உரிமம் பெற்ற வீட்டின் கதவில் நீல நிறத்தில் நங்கூரம் போன்ற ஒரு குறி ஒட்டியிருக்கும். பஸ் நிலையத்தில் இறங்கியதும் “அந்த வீடு நிரம்பிவிட்டது, நான் வேறு காட்டுகிறேன்” என்று ஒருவர் கூடவே நடந்து வருவார். அவர் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். நீங்களே வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். வழி கேட்கும்போது இன்னொரு சிக்கல்: தெருக்களுக்கு இரட்டைப் பெயர். வரைபடத்தில் சிமோன் பொலிவார் என்றிருப்பதை ஊர்க்காரர் தெசெங்கான்யோ என்பார், அந்தோனியோ மாசேயோ என்பதை குத்தியேரஸ் என்பார். வீட்டு முகவரியோடு அதற்கு இருபுறமும் உள்ள குறுக்குத் தெருக்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஊருக்குள் கார் நுழையாத தெருக்கள் உண்டு. உருண்டைக் கல் பாவிய அந்தத் தெருக்களில் சக்கரப் பெட்டி இழுபடாது, முதுகுப் பையே நல்லது.

ஊருக்குள் பார்க்க ஒரு நாள் போதும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சர்க்கரையில் கொழுத்த ஊர் இது. பிறகு ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை வந்தது, மண் சத்திழந்தது, 1819-இல் தோன்றிய சியென்ஃபுவேகோஸ் துறைமுகம் வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. இடித்துக் கட்டக் காசில்லாததால்தான் பழைய வீடுகள் அப்படியே தங்கின. 1988-இல் யுனெஸ்கோ ஊரையும் பக்கத்துக் கரும்புப் பள்ளத்தாக்கையும் ஒரே உலக மரபுச் சின்னமாகச் சேர்த்துப் பதிவு செய்தது. ஊரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் அந்தச் சின்னத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்.

பழைய ஊரின் மையச் சதுக்கமான பிளாசா மயோருக்குக் காலையில் போங்கள். முதலில் நுழைய வேண்டியது சதுக்கத்திலேயே உள்ள காலனியக் கட்டடக்கலை அருங்காட்சியகம். கூட்டமே இருக்காது. இந்த ஊர் வீடுகளின் சன்னல், கதவு, கூரை எப்படிச் செய்யப்பட்டன என்று இங்கே பார்த்துவிட்டால் மற்றத் தெருக்கள் தாமாகவே விளங்கும். கடைந்த மரக்கம்பி போட்ட சன்னல் பழையது, இரும்புக் கம்பி போட்டது 19-ஆம் நூற்றாண்டுக்காரர் வசதி. தரை மட்டத்திலிருந்து கூரைக்குக் கிட்ட வரை உயரமான சன்னல் வைத்தது காற்றுக்காக, கண்ணாடி கிடையாது. வீதிகள் நடுவில் பள்ளமாக இருப்பது மழைநீர் ஓட. மழை நின்றபின் அந்தக் கற்களில் ரப்பர் செருப்பு வழுக்கும்.

பிறகு பலாசியோ கந்தேரோவில் உள்ள நகர வரலாற்று அருங்காட்சியகம். பொருட்களை விரைவாகப் பார்த்துவிட்டுக் கோபுரத்துக்குப் போய்விடுங்கள். மரப்படி செங்குத்து, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒதுங்க இடமில்லை. பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் கீழே வரிசைதான். மேலிருந்து ஓட்டுக் கூரைகள், பின்னால் மலை, முன்னால் கடல் என்று எல்லாம் ஒரே சுற்றில் தெரியும். மஞ்சள் நிற சான் பிரான்சிஸ்கோ மணிக்கோபுரம் இங்கிருந்து எடுக்கும் படத்தில்தான் அழகு. அதன் கீழ் உள்ள அருங்காட்சியகம் 1960-களில் பக்கத்து எஸ்காம்பிராய் மலையில் காஸ்ட்ரோ அரசை எதிர்த்து நடந்த எதிர்ப்புரட்சிச் சண்டையைப் பற்றியது. ஸ்பானிஷ் தெரியாதவருக்கு அதில் அதிகம் கிடைக்காது. பலாசியோ புருனேவில் உள்ள ரொமாண்டிக் அருங்காட்சியகம் பணக்காரர் வீட்டுத் தட்டுமுட்டுகளின் காட்சி. எல்லா அருங்காட்சியகத்துக்கும் ஒரே விடுமுறை நாள் கிடையாது. பழுதுபார்ப்பு என்று திடீரென மூடியும் கிடக்கும். எது திறந்திருக்கிறது என்று முந்தின மாலையே வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1892-இல் கட்டி முடித்த பெரிய தேவாலயம். உள்ளே வேரா குரூஸ் கிறிஸ்து என்ற 1713-ஆம் ஆண்டு மரச்சிலை. மெக்சிகோவின் வேராகுரூஸுக்குப் போக வேண்டிய கப்பலைப் புயல் திரும்பத் திரும்ப இந்தக் கரைக்கே தள்ளியதால் சிலை இங்கேயே தங்கிவிட்டது என்பது ஊர்க் கதை. இருட்டியதும் தேவாலயத்தின் பக்கப் படிகளில் காசா தெ லா மூசிகா என்ற திறந்தவெளி இசையரங்கின் இசை தொடங்கும். கான்சான்சாரா என்ற பானம் மண் குவளையில் வரும். கரும்புச் சாராயம், தேன், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். தேன் அடியில் தங்கும், கலக்காமல் குடித்தால் முதலில் வெறும் காட்டம், கடைசியில் வெறும் தித்திப்பு.

இனிப் பகல் பயணங்கள். முதலிடம் தயங்காமல் வாயே தெ லோஸ் இன்கேனியோஸ், அதாவது ஆலைகளின் பள்ளத்தாக்கு. உச்சக் காலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இங்கே ஓடின, ஓட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பெரும்பாலோர் மனாக்கா இஸ்னாகா கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், 45 மீட்டர் உயரம், ஏழு அடுக்கு. அண்ணன் தம்பி பந்தயத்தில் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு விடுங்கள். மேலே தொங்கிய மணி வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் சொன்னது, அடுக்குகள் வயலில் இருந்தவர்களைக் கண்காணிக்க உதவின. அந்த மணி இப்போது கீழே பண்ணை வீட்டருகே கிடக்கிறது, பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். மரப்படிகள் ஆடும், கைப்பிடியை நம்பிச் சாயாதீர்கள். வீட்டின் பின்புறம் கையால் சுற்றும் கரும்புச் செக்கு உண்டு, பிழிந்த சாறு குவாராப்போ என்ற பெயரில் கிடைக்கும்.

நிஜமாகவே பார்க்க வேண்டியது சான் இசித்ரோ தெ லோஸ் தெஸ்திலாதேரோஸ் என்ற இடிபாடு. சுற்றுலா பஸ்கள் போகாது, டாக்சிக்காரரிடம் பெயரை எழுதிக் காட்டிக் கூலியில் சேர்த்துப் பேச வேண்டும். மூன்றடுக்கு மணிக்கோபுரமும், அகழ்ந்து வெளிப்படுத்திய சர்க்கரைக் காய்ச்சும் அடுப்பு வரிசையும் இங்கே இருக்கின்றன. ஜமைக்கா ரயில் என்று அதற்குப் பெயர், தண்டவாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர் வெல்ல ஆலையில் ஒரு கொப்பரை. இங்கே பெரிதிலிருந்து சிறிதாகப் பல கொப்பரைகள் ஒரே வரிசையில். தீ எரிவது கடைசிச் சின்னக் கொப்பரைக்கு அடியில் மட்டும், அந்தச் சூடு அடிக்குழாய் வழியே மற்றவற்றின் அடியில் ஓடும். சாறு தூரத்துப் பெரிய கொப்பரையில் விழுந்து, அகப்பையால் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, கெட்டியாகக் கெட்டியாகத் தீயை நெருங்கும். பழைய முறையில் கொப்பரைக்கு ஓர் அடுப்பு, விறகுக்காகக் காடே காலியானது. இதில் ஒரே தீ, கரும்புச் சக்கையையே எரிக்கலாம். இதை ஒரு முறை பார்த்தால் பிளாசா மயோர் மாளிகைகளின் பளிங்கும் சரவிளக்கும் எங்கிருந்து வந்தன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளத்தாக்குக்கு டாக்சியில் காலை எட்டுக்குக் கிளம்பினால் லோமா தெல் புவேர்த்தோ காட்சிமேடை, மனாக்கா, சான் இசித்ரோ மூன்றும் பார்த்து மதியத்துக்குள் திரும்பலாம். சுற்றுலா ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஓடும் நாளைவிட ஓடாத நாள் அதிகம். கோபுர வாசலில் கொடிபோல் தொங்கும் மேசைவிரிப்புகளில் நூல் இழுத்த கைவேலையும் உண்டு, மெஷின் வேலையும் உண்டு. துணியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்: தையல் அச்சடித்ததுபோல் ஒரே சீராக ஓடினால் மெஷின்.

இரண்டாவது தோப்பெஸ் தெ கொயாந்தெஸ் என்ற மலைக்காட்டுப் பகுதி. சுமார் 20 கிலோமீட்டர்தான், ஆனால் 800 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான ஏற்றம். பழைய காரில் பிரேக் எப்படி என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 62 மீட்டர் உயர கபுர்னி அருவிக்குப் போகும் பாதை முழுக்க இறக்கம், அதில்தான் ஆபத்து. போகும்போது உற்சாகம், குளித்துக் களைத்தபின் இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள ஷூ, காலை ஒன்பதுக்குள் தொடக்கம். மே முதல் அக்டோபர் வரை மதிய மழையில் செம்மண் சறுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு ஊருக்கு அருகே எல் குபானோ பூங்காவின் ஹவீரா அருவிக்குப் போகலாம். அங்கே குதிரைச் சவாரியாகக் கூட்டிப் போவார்கள். சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லி, முதுகில் புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் சவாரிக் கூலியில் சேர்த்தியா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பிளாயா அன்கோன் கடற்கரை சுமார் 12 கிலோமீட்டர். தண்ணீர் தெளிவு, மணல் நல்லது, மற்றபடி வரடேரோவைப் பார்த்தவருக்குப் புதிதாக எதுவுமில்லை. அரை நாள் போதும். சாயங்காலம் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கிளம்பும், ஐந்து மணிக்குள் இடத்தைக் காலி செய்யுங்கள். படகில் இகுவானா தீவுத் திட்டுக்குப் போகும் சுற்றுலா குழந்தைகளுக்குப் பிடிக்கும். காற்று பலமானால் ரத்தாகும், அதனால் தங்கும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

சாப்பாடு: மரவள்ளிக்கிழங்கு, நசுக்கிப் பொரித்த வாழைக்காய், சோறு, கறுப்பு பீன்ஸ் எங்கும் உண்டு என்பதால் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் பீன்ஸ் சோற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். “சின் கார்னே, சின் மந்தேகா” (இறைச்சி வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் சின் கார்னே என்றால் இறைச்சித் துண்டை மட்டும் பொறுக்கிவிட்டுத் தருவார்கள். காரம் அறவே கிடையாது, ஊறுகாய் பாட்டில் பயன்படும்.

மின்வெட்டு இப்போது கியூபா முழுக்க அன்றாடம். அறை பதிவு செய்யும்போது ஜெனரேட்டரோ பேட்டரியோ உண்டா, அதில் மின்விசிறி ஓடுமா, விளக்கு மட்டுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் டாக்சிக் கூலி வாரத்துக்கு வாரம் மாறும், முந்தின மாலை பேசி முடிப்பதே உத்தமம். அமெரிக்க வங்கி கார்டு எதுவும் செல்லாது. மற்ற கார்டுகளையும் நம்பாமல் யூரோவோ கனேடிய டாலரோ சிறு நோட்டுகளாகக் கொண்டு போங்கள், சில்லறை கிடைக்காது. கொசுத் தைலம், பாரசிட்டமால் போன்ற மருந்து, சோப்பு எல்லாம் ஊரிலிருந்தே கொண்டு வர வேண்டியவை.

லண்டன், பாரிஸ், சூரிச் தமிழர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ கியூபா போய்வந்தவர்கள் அமெரிக்காவுக்கு எஸ்டா என்ற இணைய அனுமதியில் போக முடியாது. தூதரகத்தில் நேர்காணலோடு முறையான விசா எடுக்க வேண்டியிருக்கும். நியூ ஜெர்சியில் தங்கை கல்யாணம் வருகிறது என்றால் கணக்குப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். கனேடிய பாஸ்போர்ட்காரர்களுக்கு எஸ்டாவே தேவையில்லை என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

திரும்பும் பஸ் சீட்டை ஊரில் இறங்கிய அன்றே உறுதி செய்யுங்கள். குளிர்காலத்தில் ஹவானா பஸ் நாலைந்து நாள் முன்பே நிரம்பும். சீட்டில்லாமல் நிலையத்துக்கு வருபவரிடம் வெளியே நிற்கும் டாக்சிக்காரர்கள் கேட்கும் விலையே வேறு.