ஒருவேளை, இருவேளை, மூவேளை: உடம்புக்கு ஒத்துவருவது எது?

"ஒருவேளை உண்பவன் யோகி, இருவேளை உண்பவன் போகி, மூவேளை உண்பவன் ரோகி" என்ற பழமொழியைக் கேட்டிராத தமிழர் குறைவு. அதைச் சொல்லி முடித்த கையோடு நாலு மணிக் காப்பிக்கு வாழைக்காய் பஜ்ஜி உண்டா என்று கேட்பவர்களும் அநேகர். உடல் எடையைக் குறைக்க விரும்புவோரிடையே, நாளுக்கு ஒரே வேளை உண்ணும் பழக்கம் 'ஓமேட்' என்ற பெயரில் பரவத் தொடங்கிய பின், இந்தப் பழமொழிக்கு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. முன்னோர் ஒருவேளையோடு நிறுத்தினார்கள், நமக்கும் அதுவே போதும் என்ற வாதம் அதன் துணையோடு நடமாடுகிறது. ஆறு வாரம் அவ்வாறு இருந்து பார்த்தவன் என்ற முறையில், மூன்று வழக்கங்களையும் அருகருகே வைத்து அலச விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு திருத்தம் தேவை. நாம் மூவேளை உண்பவர்கள் என்று சொல்லிக்கொள்வது முழு உண்மையன்று. காலை ஆறு மணிக்கு ஒரு காப்பி, எட்டரைக்கு இட்லி அல்லது தோசை, பதினொரு மணிக்கு அலுவலகத்தில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், ஒன்றரைக்குச் சோறு, நாலரைக்கு மறுபடியும் டீ, அதனுடன் வடையோ முறுக்கோ, இரவு ஒன்பதரைக்குச் சப்பாத்தியோ பரோட்டாவோ, படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் பால் என்று எண்ணிப் பார்த்தால், சாப்பாடு என்று பெயர் பெற்றவை மூன்றுதான், ஆனால் வயிற்றுக்கு வேலை வைத்தது ஏழு முறை. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட பால் டீ ஒன்று ஏறத்தாழ 80 முதல் 100 கலோரி தருகிறது. ஒருவேளைக்கு மாறியவர் முதல் மாதத்திலேயே இளைத்துவிடுவதில் வியப்பில்லை. அவர் விட்டது காலை இட்லியை மட்டுமன்று, யாரும் கணக்கில் சேர்க்காத அந்தப் பிஸ்கட்டையும் வடையையும் சேர்த்துத்தான். பெருமையை மட்டும் ஓமேட் எடுத்துக்கொள்கிறது.

முன்னோர் வாதத்தையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். நம் வழக்கில் 'ஒருபொழுது இருத்தல்' என்பது உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை, கிருத்திகை, அமாவாசை போன்ற நாள்களில் பகலில் ஒருவேளை இலை போட்டு உண்டு, இரவைப் பாலும் பழமுமாகக் கழிப்பது அதன் முறை. தேரவாத பௌத்தத் துறவிகள் நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்வதில்லை. இவை இரண்டிலும் முழுச் சாப்பாடு பகலில் முடிந்துவிடுகிறது. ஒருபொழுதோ குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டுமே உரியது, ஆண்டு முழுவதும் இல்லறத்தாரைக் கட்டுப்படுத்தும் விதியன்று. இன்றைய ஓமேட் காரரோ அலுவலக வசதி கருதி, பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு உண்கிறார், அதையும் நாள் தவறாமல் செய்கிறார். பெயர்தான் ஒன்று.

தமிழ்நாட்டில் 'ஒருவேளைச் சோறு' என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது விரதத்தின் சொல் என்பதைவிட வறுமையின் சொல். காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கப்பட்டதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததும், 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் சேர்ந்ததும், வெறும் வயிற்றோடு பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற அறிவின் மேல் எழுந்தவை. நண்பகலில் ஒருவேளை கிடைக்கிறதே, அது போதாதா என்று அங்கே யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. வளரும் பிள்ளைகள் இந்த ஒப்பீட்டுக்குள் வரவே கூடாது என்பதை இதனோடு சொல்லி முடித்துவிடலாம்.

ஒருவேளைக்கும் மூவேளைக்கும் நேரடிப் போட்டி வைத்த ஆய்வுகள் மிகச் சிலவே. அவற்றுள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் நடந்து 2007இல் வெளியானது. நாற்பது முதல் ஐம்பது வயதுக்குட்பட்ட, இயல்பான எடையுள்ள 21 பேர் அதில் சேர்ந்தனர், 15 பேர் முடித்தனர். எட்டு வாரம் மூவேளையும் இன்னொரு எட்டு வாரம் ஒருவேளையும் உண்ட அவர்களுக்கு, இரு கட்டங்களிலும் ஒரே அளவு கலோரி தரப்பட்டது. ஒருவேளைக் கட்டத்தில் அந்த நாளின் உணவு முழுவதையும் மாலையில் நான்கு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். முடிவில் எடையும் உடற்கொழுப்பும் சிறிதளவு குறைந்தன. பசி கூடியது, இரத்த அழுத்தம் ஏறியது, கெட்டது எனப்படும் எல்.டி.எல். கொழுப்பும் நல்லது எனப்படும் எச்.டி.எல். கொழுப்பும் சேர்ந்தே உயர்ந்தன. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், ஒருவேளை உண்டவர்களுக்குக் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடுதலாக இருந்ததும், சர்க்கரையைக் கையாளும் உடலின் திறன் மந்தப்பட்டதும் பதிவாயின. பதினைந்து பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மைதான். ஆயினும் கலோரியைச் சமமாக வைத்தால் ஒருவேளை உணவு பெரிய மாயம் எதையும் செய்யவில்லை என்ற அளவுக்கு அதை நம்பலாம்.

என் சொந்த அனுபவத்தில் இடறியது வேறிடத்தில். மூன்றாம் வாரம் ஒரு நாள், சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, இரவுத் தட்டில் விழுந்ததை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். சோறு 500 கிராம், சாம்பார் ஒரு பெரிய கிண்ணம், பீன்ஸ் பொரியல், இரண்டு அவித்த முட்டை, தயிர் 200 கிராம். உண்டு எழுந்தபோது வயிறு பானை போல் இறுகியிருந்தது, இனி ஒரு கவளம் இறங்காது என்ற நிலை. கணக்குப் போட்டால் அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 1,200 கலோரியைத்தான் தொட்டது. புரதம் இன்னும் மோசம். சோற்றில் 12 கிராம், முட்டையில் 12, தயிரில் 6 அல்லது 7, சாம்பாரிலும் பொரியலிலும் மிஞ்சினால் 8 என்று கூட்டினாலும் நாற்பதைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கே அது 50 கிராம் ஆகிறது. முட்டை தொடாத வீடாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதுதான் ஒருவேளை முறையின் அடிப்படைச் சிக்கல் என்று கருதுகிறேன். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மலிந்த தட்டில் ஒரே அமர்வில் அறுபது கிராம் புரதம் ஏற்றிவிடலாம். நம் தட்டில் இடத்தை அடைப்பது சோறு. நீரை உறிஞ்சிப் பருத்த சோறும் குழம்பும் வயிற்றை நிரப்பிவிட்ட பின், சுண்டலுக்கும் கீரைக்கும் பழத்துக்கும் இடம் எங்கே இருக்கிறது? இருபத்து மூன்று மணி நேரம் காய்ந்த வயிறு முதலில் கேட்பதும் சுண்டலை அன்று. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஏற்கெனவே தசை கரையத் தொடங்கும் பருவத்தில், இந்தக் குறை எடைக் கருவியில் வெற்றியாகக் காட்சி தரும். இறங்கிய மூன்று கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று வீட்டில் இருக்கும் கருவி பிரித்துச் சொல்வதில்லை. மாடிப்படி ஏறும்போது முழங்கால்தான் சொல்லும்.

இருவேளை முறை இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. எட்டு முதல் பத்து மணி நேரத்துக்குள் இரண்டு முழு உணவு, நடுவில் தண்ணீரும் மோரும், மற்ற நேரம் ஓய்வு என்ற ஏற்பாட்டில் மேற்சொன்ன ஐம்பது கிராம் புரதம் நெருக்கடியின்றி உள்ளே போய்விடும். ஆனால் இதற்கும் மந்திர சக்தி இல்லை. அமெரிக்காவில் 116 பேரிடம் பன்னிரண்டு வாரம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நண்பகல் முதல் இரவு எட்டு வரை மட்டுமே உண்டவர்களுக்கும், வழக்கம்போல் மூவேளை உண்டவர்களுக்கும் எடை இழப்பில் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, கலோரியைக் குறைத்ததோடு காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் உண்டவர்களையும், கலோரியை மட்டும் குறைத்தவர்களையும் ஒப்பிட்டது. முதல் குழு 8 கிலோவும் இரண்டாம் குழு 6.3 கிலோவும் இழந்தன. இந்த இடைவெளி, தற்செயல் என்று ஒதுக்கத்தக்க எல்லைக்குள்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து உண்பது கட்டுப்பாட்டை எளிதாக்கும், கணக்கை மாற்றாது.

ஆனால் கடிகாரத்தின் எந்தப் பக்கம் உண்கிறோம் என்பது பொருட்படுத்தத் தக்கது. இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்கிறது, இரவு ஏற ஏற உடல் அதற்கு மந்தமாகவே இணங்குகிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களைக் கொண்டு 2018இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்குள் நாளின் உணவு முழுவதையும் முடித்துக்கொண்டவர்களுக்கு, எடை குறையாமலே இரத்த அழுத்தம் இறங்கியது, இன்சுலின் திறனும் மேம்பட்டது. பெல்ட்ஸ்வில் ஆய்வில் மாலையில் ஒருவேளை உண்டவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியதையும், பகலோடு முடித்தவர்களுக்கு அது இறங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வேளைகளின் எண்ணிக்கையைவிட வேளையின் நேரம் கனமானது என்றே எனக்குப் படுகிறது. வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு ஆட்கள் என்பதால் அதை முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன். இரவு எட்டரைக்கு நாள் முழுவதுக்குமான சோற்றை இறக்கிவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் வரும் என்பதற்கு மட்டும் ஆய்வே தேவையில்லை, நான்காம் வாரத்தில் இரண்டு தலையணை வைத்துப் படுத்த நானே சாட்சி.

செல்கள் தம் பழுதடைந்த பாகங்களைத் தாமே செரித்துக்கொள்ளும் 'தன்னுண்ணல்' பற்றிப் பேசாத ஓமேட் ஆதரவாளர் இல்லை. அந்த இயக்கத்தின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. அவர் அடிப்படைக் கண்டுபிடிப்புகளைச் செய்தது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில். நாளுக்கு ஒருவேளை உண்ணுங்கள் என்று அந்தப் பரிசு யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே இந்த எச்சரிக்கை யாரோ சிலருக்கானது அன்று. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நாம் உண்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவு வரை உண்ணாமல் இருப்பவருக்கு நடுப்பகலில் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும். இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இதுவே. டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவர் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் தேங்கும் ஆபத்து தனி. மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றாமல் இவர்கள் வேளையைக் குறைக்கவே கூடாது. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், வயிற்றுப் புண் உள்ளவர்கள், உண்பதையே வெறுத்து ஒதுக்கும் மனநிலைக்கு ஒருமுறையேனும் ஆட்பட்டவர்கள் ஆகியோருக்கும் ஒருவேளை முறை ஆகாது.

மூவேளைக்கும் நியாயம் செய்ய வேண்டும். வயலில் நாற்று நடுபவரும், மூட்டை தூக்குபவரும், கட்டட வேலைக்குப் போகிறவரும் காலையில் பழைய சோறோ கஞ்சியோ இல்லாமல் வெயிலில் நிற்க முடியாது. மூவேளையை ரோகி என்று சொன்ன பழமொழி திண்ணையில் உட்கார்ந்தவரைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். இடைத்தீனியை விட்டு, இரவு உணவை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளும் மூவேளைக்காரர், இரவு ஒன்பதுக்கு ஒருவேளை உண்பவரைவிட நலமாக இருப்பார் என்றே நம்புகிறேன்.

வீட்டுக் கணக்கு ஒன்றும் மீதம் இருக்கிறது. ஒருவேளை உண்பதால் நேரமும் காசும் மிச்சம் என்கிறார்கள். என் நேரம் மிச்சமானது மெய்தான். "மத்தியானம் ஆக்கினதெல்லாம் ஆறிப் போய்க் கெடக்கு, ராத்திரி உனக்குன்னு தனியா ஒரு உலை வைக்கணுமாப்பா?" என்று அம்மா கேட்டது ஐந்தாம் வாரத்தில். நான் குறைத்த இரண்டு வேளையும் அவர் அடுப்பில் ஒரு வேளையாகக் கூடியிருந்தது.

ஆறாம் வார முடிவில் அதை நிறுத்திவிட்டு, ஒரு தலைமுறைக்கு முன் அலுவலகம் போனவர்களின் வழக்கத்துக்கு மாறிக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்குச் சோறு, பருப்பு, காய், தயிர் என்று முழுச் சாப்பாடு, மாலை ஆறு மணிக்கு இரண்டு தோசையோ அடையோ, அதனுடன் ஒரு கிண்ணம் சுண்டல். நடுவில் சர்க்கரை இல்லாத டீ ஒன்று. புரட்டாசி வந்தால் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கிறேன். அந்த ஒருவேளையை நண்பகலில், வீட்டார் எல்லோரும் உண்ணும் நேரத்திலேயே இலை போட்டு உண்டுவிடுவதால், அம்மாவுக்குத் தனி உலை வைக்கும் வேலையும் இல்லை.